சாதாரணப் படங்களோடு சேர்த்துவிட்ட தம்பிக்கு

ஞாயிறு, பகல்

என் உடன்பிறந்த தம்பிக்கு,

அண்ணன் எழுதுவது. நீயும் உன் மனைவியும் பிள்ளைகள் இருவரும் சுகமாக இருக்க வேண்டுமென்று விரும்புகிறேன். கடிதத்தின் முறைக்காக எழுதும் வரிதான் என்றாலும் பொய் அல்ல. என் சுகத்தை நீ கேட்கவில்லை. ஏழு ஆண்டுகளாகக் கேட்கவில்லை. ஆகையால் கேட்டதாக நானே வைத்துக்கொண்டு பதில் சொல்கிறேன்: சிகரெட்டை விட்டு இன்றோடு பத்தொன்பது நாள் ஆகிறது.

இதைப் படித்து நீ மகிழ வேண்டாம். உன் பேச்சு உறைத்துத்தான் அண்ணன் திருந்தினான் என்று உன் மனைவியிடம் சொல்லவும் வேண்டாம். இது சமாதானக் கடிதமும் அல்ல. ஏழு ஆண்டுகளில் ஒருமுறைகூடத் தொலைபேசியில் கூப்பிடாத ஒருவனிடம் சமாதானம் பேச நான் அவ்வளவு மலிந்துவிடவில்லை. இது ஒரு புகார். உன் முகம் ஒரு மருத்துவ ஆராய்ச்சியைக் கெடுத்துவிட்டது. அதை உனக்கு எழுத்தில் தெரிவிப்பது என் கடமை என்று பட்டது.

ஆதியிலிருந்து சொல்கிறேன். எங்கள் அலுவலகத்தின் கீழ்த்தளத்தில், கழிவறைக்குப் போகும் வழியில், ஒரு தாள் ஒட்டியிருந்தது. "புகைபிடிப்பவர்கள் தேவை" என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தார்கள். இருபத்தெட்டு ஆண்டு வேலையில் நான் தேவை என்று யாரும் சுவரில் ஒட்டி நான் பார்த்ததில்லை. நின்று முழுக்கப் படித்தேன். பெரிய மருத்துவமனையின் மூளை ஆராய்ச்சிப் பிரிவு. புகைப்பவன் திடீரென்று நிறுத்தினால் அவன் மூளைக்குள் என்ன நடக்கிறது என்று பார்க்கிறார்களாம். புகைக்கும்போது ஒருமுறை, நிறுத்தி இரண்டு வாரம் கழித்து ஒருமுறை, குகை மாதிரி ஒரு இயந்திரத்துக்குள் படுக்கவைத்துப் படம் எடுப்பார்கள். உடம்பு நன்றாக வேண்டும் என்ற ஆசையில் நான் போகவில்லை. நாற்பது பக்கக் கேள்வித்தாள் ஒன்று உண்டு என்று கீழே சிறிய எழுத்தில் போட்டிருந்தது, அதற்காகப் போனேன். காலையில் எழுந்ததும் உங்கள் மனநிலை எப்படி, தூக்கம் எப்படி, கடந்த ஒரு வாரத்தில் யாரிடமாவது மனம்விட்டுப் பேசினீர்களா என்றெல்லாம் அதில் கேட்டிருந்தார்கள். கடைசிக் கேள்விக்கு ஆம், இல்லை என்று இரண்டு கட்டங்கள்தான். நான் ஓரத்தில் எழுதி, இடம் போதாமல் பின்பக்கமும் எழுதினேன்.

நிறுத்திய நாள் முதல், தினமும் மாலை ஏழு மணிக்கு ஆராய்ச்சி உதவியாளர் ஒரு பெண் தொலைபேசியில் கூப்பிட்டுப் பன்னிரண்டு கேள்வி கேட்பாள். எரிச்சல் எவ்வளவு, பசி எவ்வளவு, புகைக்கும் ஆசை எவ்வளவு, எல்லாவற்றுக்கும் ஒன்றிலிருந்து பத்துக்குள் ஓர் எண் சொல்ல வேண்டும். முதல் நாள் எரிச்சல் எவ்வளவு என்று கேட்டாள். எனக்குப் பின் ஓராண்டு கழித்து வேலைக்குச் சேர்ந்து, இன்று எனக்கு மேலே உட்கார்ந்திருப்பவரைப் பற்றி ஆரம்பித்தேன். அவர் பதவி உயர்வு பெற்ற கதையின் பாதியில் அவள் பொறுமையாக, "சார், நம்பர் மட்டும் சொல்லுங்க" என்றாள். ஒன்பது என்றேன். "மீதிக் கதைய நாளைக்கு எட்டுன்னு சொல்லுங்க சார், கொஞ்சம் குறைஞ்சிருக்கும்" என்றாள். குறும்புக்காரி. ஆறே முக்காலுக்கே முகம் கழுவி, சலவைச் சட்டை போட்டுக்கொண்டு மேசையருகில் உட்கார்ந்துவிடுவேன். தொலைபேசியில் சட்டை தெரியாது என்பது எனக்கும் தெரியும்.

சிகரெட்டை நிறுத்தியதும் கை நடுங்கும், தூக்கம் வராது, வாய் எதையாவது தேடும் என்று அச்சடித்துக் கொடுத்திருந்தார்கள். எல்லாம் வந்தது. பேச்சுக்கு இருந்த ஆளும் போய்விடும் என்பதை மட்டும் அவர்கள் அச்சடிக்கவில்லை. எங்கள் அலுவலகத்தின் பின்புறம் ஜெனரேட்டர் அறைச் சுவரோரம் மூன்று பேர் கூடுவோம்: நான், காவலாளி, லிஃப்ட் மெக்கானிக். பன்னிரண்டு ஆண்டுப் பழக்கம். ஒருநாளைக்கு நான் மனிதர்களோடு பேசும் பேச்சு மொத்தமும் அந்தச் சுவரோரம்தான். மற்ற நேரம் வரைபடப் பிரிவில் மண்ணுக்கடியில் ஓடும் தண்ணீர்க் குழாய்களின் படங்களோடு உட்கார்ந்திருப்பேன், அவை பேசாது. விட்ட இரண்டாம் நாள் வழக்கமான நேரத்துக்குக் கால் தானாக அங்கே போய்விட்டது. போய் வெறும் கையோடு நின்றேன். இருவரும் பேச்சை நிறுத்திவிட்டார்கள். பரீட்சை அறையில் கண்காணிப்பாளர் நுழைந்ததுபோல் ஆயிற்று. காவலாளி சிகரெட்டை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டான். மெக்கானிக், "என்ன சார், சும்மா நிக்கறீங்க?" என்றான். சும்மாதான் என்றேன். "சும்மா நின்னா எங்களுக்கு என்னவோ மாதிரி இருக்கு சார்" என்றான். நியாயமான பேச்சு. திரும்பி வந்துவிட்டேன். அப்புறம் போகவில்லை. அவர்களும் ஏன் வரவில்லை என்று கேட்கவில்லை. கேட்காமலிருப்பதில் உனக்கு ஊர் முழுக்கச் சீடர்கள் இருக்கிறார்கள்.

மூன்றாம் நாள் குழாய் உடைந்தது. தோண்டும் வேலைக்கு முன் மேஸ்திரி எங்களிடம் வந்து, எந்த இடத்தில் குழாய் போகிறது என்று படம் பார்த்துக் குறித்துக்கொண்டு போவது முறை. அன்று வந்தார். நான் படத்தை விரித்தேன்; விரித்தது தலைகீழாக. இருபத்தெட்டு ஆண்டில் செய்யாத தவறு. மனம் அங்கே இல்லை. அது அந்த நேரத்தில் உன்னோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தது. நீ அன்று சொன்னதற்கு நான் சொல்லியிருக்க வேண்டிய பதில் ஒன்று எனக்கு அப்போதுதான், ஏழு ஆண்டு கழித்து, கச்சிதமாகக் கிடைத்திருந்தது. மேஸ்திரி, "சார், இந்தப் பக்கம்தானே?" என்று இரண்டு தடவை கேட்டார். உன்மேல் இருந்த கோபத்தில் அவரிடம், "படிச்சவன் சொன்னாக் கேட்க மாட்டீங்களா?" என்று பாய்ந்துவிட்டேன். கேட்டார். சொன்ன இடத்தில் தோண்டினார். எங்கள் அலுவலகத்துக்கே வரும் குழாய் இரண்டாகப் போயிற்று. ஐந்து மாடிக்கும் திங்கட்கிழமைவரை தண்ணீர் இல்லை. மேலதிகாரி வாளியில் தண்ணீர் சுமந்து மாடியேறிய காட்சியைக் கண்டேன் என்பது ஒன்றே எனக்குக் கிடைத்த ஆறுதல். அன்று மாலை ஏழு மணிக்கு எரிச்சல் எவ்வளவு என்று அந்தப் பெண் கேட்டபோது, வாழ்க்கையில் முதல்முறையாக இரண்டு என்றேன்.

இனி உன் விஷயத்துக்கு வருகிறேன். ஆராய்ச்சியில் சேர்ந்தபோது இரண்டு உறை கொடுத்தார்கள். ஒன்றில் பத்துப் படம், நான் வழக்கமாகப் புகைக்கும் இடங்களும் பொருள்களும். ஜெனரேட்டர் சுவர், குளியலறைச் சன்னல், சாம்பல் தட்டு என்று அந்த உறை அரைமணியில் நிறைந்தது. இன்னொன்றில் பத்துப் படம், பார்த்தால் மனத்தில் எதையும் கிளப்பாத சாதாரணப் படங்கள். இயந்திரத்துக்குள் படுத்திருக்கும்போது இந்த இருபதையும் மாற்றி மாற்றிக் காட்டுவார்கள். நெட்டுவாக்கில் இருந்தால் இடக்கைப் பொத்தான், படுக்கைவாக்கில் இருந்தால் வலக்கைப் பொத்தான், அவ்வளவுதான் வேலை. தலை மட்டும் அசையக்கூடாது. சிகரெட் படத்துக்கும் சாதாரணப் படத்துக்கும் மூளை எப்படி வேறுபடுகிறது என்று அவர்கள் கணக்கிடுவார்கள்.

சாதாரணப் படங்களுக்காக வீட்டை அலசினேன். வாளி, குடை, மின்விசிறி, அலமாரிக் கதவு, தண்ணீர் மீட்டர் என்று எடுத்துப் பார்த்தால் எட்டுத்தான் தேறியது. ஒன்பதாவதாக என் கல்யாணப் படத்தைப் போட்டேன். பத்தாவது கிடைக்கவில்லை. அகராதிக்குள் உன் படம் ஒன்று இருந்தது. உனக்கு இருபத்திரண்டு வயது. என் நீலக் கட்டம் போட்ட சட்டையை என்னைக் கேட்காமல் போட்டுக்கொண்டு, என் ஸ்கூட்டர்மேல் சாய்ந்து, படம் எடுப்பவனைப் பார்த்து வாய்கொள்ளாமல் சிரிக்கிறாய். எடுத்தவன் நான்தான். அதைக் கையில் வைத்துக்கொண்டு, இது என் மனத்தில் எதையாவது கிளப்புகிறதா என்று நேர்மையாகச் சோதித்தேன். கிளப்பவில்லை. சட்டை நினைவு வந்தது, அவ்வளவுதான். உறையில் போட்டு ஒட்டினேன்.

முதல் படப்பிடிப்பு நான் புகைத்துக்கொண்டிருந்தபோது நடந்தது. இரண்டாவது, விட்ட பதினான்காம் நாள், போன செவ்வாய். வியாழக்கிழமை ஆராய்ச்சியை நடத்தும் டாக்டரம்மா கூப்பிட்டனுப்பினார். மூக்குக் கண்ணாடியைத் தலைமேல் தூக்கி வைத்துக்கொண்டு, பிறகு அதை மேசை முழுக்கத் தேடுகிற ரகம், கெட்டிக்காரி. கணினித் திரையில் கோடுகளாக ஏதோ காட்டினார். அதன் பக்கத்தில் உன் படம், ஸ்கூட்டரோடு.

"இது யாரு சார்?" என்றார்.

"தம்பி."

"கூடப் பிறந்தவரா? கூடப் பிறந்தவங்க யாரும் இல்லைன்னு ஃபார்ம்ல எழுதியிருக்கீங்களே."

"பேச்சுவார்த்தை இல்ல."

அவர் கண்ணாடியைத் தேடிப் பிடித்துப் போட்டுக்கொண்டு படத்தைப் பார்த்தார். "பேச்சு இல்லாத தம்பியையா வாளி, குடையோட சேர்த்தீங்க?"

அவன் படத்தைப் பார்த்தால் எனக்கு ஒன்றும் தோன்றாது என்றேன். உனக்கு வருத்தமாக இருந்தால் அதற்கு நான் பொறுப்பல்ல. டாக்டரம்மா, "உங்களுக்குத் தோணாம இருக்கலாம். இந்தப் படத்தை ஒவ்வொரு தடவையும் பன்னிரண்டு முறை காட்டியிருக்கோம். ரெண்டு தடவையும் சேர்த்து இருபத்திநாலு. ஒருமுறைகூட நீங்க பொத்தான அமுக்கலை. மத்த எல்லாப் படத்துக்கும் ஒழுங்கா அமுக்கியிருக்கீங்க. இது வந்தா மட்டும் உங்க தலை அசைஞ்சிருக்கு. கொஞ்சம் மேல எழும்புது, கிட்டப் போய்ப் பாக்கற மாதிரி" என்றார்.

இயந்திரம் பழுது என்றேன். இயந்திரம் நன்றாகத்தான் இருக்கிறது என்று சொல்லி, எனக்கு ஒரு பாடமும் நடத்தினார். வெளி வேலையில் ஈடுபடும்போது மூளையில் ஒரு கூட்டம் வேலை செய்யுமாம்; சும்மா இருக்கும்போது இன்னொரு கூட்டம், நம்மைப் பற்றியும் பழைய விஷயங்களைப் பற்றியும் அசைபோடுவது. ஒன்று எழுந்தால் மற்றது அடங்க வேண்டும். புகையை நிறுத்தியவர்களுக்கு அந்த மாற்றம் சட்டென்று நடப்பதில்லை, அசைபோடும் கூட்டம் எழுந்துபோக மறுக்கிறது என்றுதான் இதுவரை தெரிகிறதாம். "எனக்கு அது சிகரெட் பிடிச்ச காலத்துலயும் எழுந்து போனதில்ல டாக்டர்" என்றேன். அவர் சிரிக்காமல், "அதத்தான் நானும் பாத்தேன். விட்டப்புறம் அதிகமாயிருக்கு, ஆனா முதல் தடவையே நிறைய இருந்துது. ஒரு ஆள் படத்த வச்சு ஆராய்ச்சியில ஒண்ணும் சொல்லக்கூடாது, அதனால நான் ஒண்ணும் சொல்லல" என்றார். பிறகு என்னைத் தேற்றுவதாக நினைத்து, "உங்க கல்யாணப் படம் அருமையா வந்திருக்கு சார். வாளிக்கும் அதுக்கும் ஒரு வித்தியாசமும் இல்ல" என்றார்.

முடிவாக அவர் சொன்னது இது. உன் படம் சாதாரணப் படம் ஆகாது. அதை நீக்கிவிட்டு வேறு படத்தோடு வருகிற வெள்ளிக்கிழமை மறுபடி எடுக்க வேண்டும். அதோடு, என்னைப் பற்றி நான் எழுதிக் கொடுப்பதில் அவருக்கு நம்பிக்கை போய்விட்டது. என்னை நன்றாகத் தெரிந்த ஒருவர் நேரில் வந்து, என் குணம் முன்பு எப்படி, இப்போது எப்படி என்று முப்பத்திரண்டு கேள்விக்குப் பதில் எழுத வேண்டும். ஆள் இல்லாவிட்டால் ஆராய்ச்சியிலிருந்து என் பெயரை எடுத்துவிடுவார்கள்.

என்னை நன்றாகத் தெரிந்தவர் யார் என்று இரண்டு நாள் யோசித்தேன். காவலாளிக்கு என்னை ஒரு சிகரெட் எரியும் நேரத்துக்குமேல் தெரியாது. மேலதிகாரிக்கு இன்னும் தோள்வலி இருக்கிறது. என் மனைவியை, அதாவது நான்கு ஆண்டாகத் தன் அக்கா வீட்டில் இருந்து வேலைக்குப் போகிறவளை, ஆராய்ச்சிப் பெண்ணை விட்டுக் கூப்பிடச் சொன்னேன். "அவர் குணமா? பிடிச்சப்பவும் அப்படித்தான், பிடிக்காதப்பவும் அப்படித்தான். ஆராய்ச்சி முடிஞ்சுது, வச்சிடுங்க" என்று சொல்லிவிட்டாளாம். மிச்சம் நீ ஒருவன். என் குணத்தைப் பற்றி உனக்கு ஏற்கெனவே ஒரு முடிந்த அபிப்பிராயம் இருக்கிறது. அதை ஆஸ்பத்திரி வார்டில் ஊரே கேட்க வெளியிட்டாய். ஆகவே தகுதியான ஆள் நீதான்.

அந்த நாளை நீ மறந்திருக்கலாம். நான் ஒன்பது நாள் அப்பாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். நர்ஸம்மா வந்து பார்த்து, இன்றைக்கு மூச்சு சீராக இருக்கிறது, போய் முகம் கழுவி வாருங்கள் என்றார். பத்து நிமிடம் கீழே போனேன். நான் மேலே வரும்போது நீ நின்றுகொண்டிருந்தாய், அப்பா போய்விட்டிருந்தார். "அப்பா உன்னை ரெண்டு தடவை கேட்டார். நீ கீழ புகை விட்டுட்டு இருந்த" என்றாய். எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். என் சட்டையில் அந்த வாசனை இருந்தது. நான் ஒன்பது நாள் இருந்ததைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. "இனிமே என் முகத்துல முழிக்காத" என்றுதான் வாயில் வந்தது. மேஸ்திரி வந்த அன்று எனக்குக் கிடைத்த அந்தக் கச்சிதமான பதில் என்ன தெரியுமா? "என்ன கேட்டார்?" என்பதுதான். அப்பா என்னைக் கூப்பிட்டு என்ன கேட்டார் என்று அன்று உன்னைக் கேட்டிருக்க வேண்டும். உன்னைத் தவிர வேறு யாருக்கும் அது தெரியாது.

முகத்தில் விழிக்காதே என்று சொன்னது நான்தான், மறுக்கவில்லை. ஆனால் தொலைபேசியில் முகம் தெரியாது. கூப்பிட்டிருக்கலாம். ஏழு ஆண்டு, ஒரு மணி அடிக்கவில்லை. நான் ஏன் கூப்பிடவில்லை என்று எதிர்க்கேள்வி போடாதே; மூத்தவன்.

ஆகவே, வெள்ளிக்கிழமை காலை பத்து மணி, பெரிய மருத்துவமனை, பின்கட்டடம், முதல் தளம். உன் வீட்டுப் பக்கத்திலிருந்து பஸ்ஸில் பதினொரு நிறுத்தம். உனக்கு வேலை இருந்தால் வர வேண்டாம். வேலை இல்லாவிட்டாலும் விருப்பமில்லையென்றால் வர வேண்டாம். பெயரை எடுத்துவிட்டால் எனக்கு ஒரு நட்டமும் இல்லை. ஏழு மணித் தொலைபேசி நின்றுபோகும், அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமை அந்தப் பெண்ணுக்கு விடுமுறை, எப்படியும் கூப்பிட மாட்டாள். போன ஞாயிறு அதை மறந்து சட்டை மாற்றிக்கொண்டு எட்டேகால்வரை உட்கார்ந்திருந்தேன். இந்த ஞாயிறு மறக்கவில்லை. அதனால்தான் பகலிலேயே இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்தேன். வந்தால் முப்பத்திரண்டு கேள்விக்கும் உள்ளதை எழுது. எனக்காக இரக்கப்பட்டு எண்ணைக் கூட்டிக் குறைக்காதே. என் பக்கத்தில் உட்கார்ந்து எழுத வேண்டும் என்பதில்லை. நடைவழியில் நாற்காலிகள் போட்டிருக்கிறார்கள். இரண்டு நாற்காலி தள்ளி உட்காரலாம்.

உன் மனைவிக்கு என் அன்பு. உன்னைக் கட்டிக்கொண்டதைத் தவிர அந்தப் பெண் எனக்கு ஒரு தீங்கும் செய்ததில்லை. மூத்தவள் படிப்பை முடித்திருப்பாள், சின்னவன் உன்னைவிட உயரமாகியிருப்பான். இருவருக்கும் பெரியப்பாவின் முழு ஆசிகள்: நீண்ட ஆயுளும் நல்ல நுரையீரலும், சொன்னதை மறக்கத் தெரிந்த மூளையும் அவர்களுக்கு அமையட்டும்.

இப்படிக்கு,
ஆவணங்களின்படியும், இயந்திரத்தின்படியும்
உன் அண்ணன்

பி.கு.: கையெழுத்துப் போட்டபின், வெள்ளிக்கிழமை வழி தெரியாமல் நீ தடுமாறினால் உதவும் என்று என் கைப்பேசி எண்ணை இந்தத் தாளின் பின்பக்கம் எழுதினேன். எழுதும்போதுதான் உறைத்தது, இந்த எண் உன்னிடம் கிடையாது. அப்பா போனபின் முப்பத்தாறு நாள் பழைய கைப்பேசியை மேசைமேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நீ கூப்பிடாததைப் பார்த்துக்கொண்டிருக்கச் சகிக்காமல், முப்பத்தேழாம் நாள் எண்ணை மாற்றிவிட்டேன். உனக்குச் சொல்லவில்லை. ஆகவே மேலே ஏழு ஆண்டு என்று வருகிற இடங்களில் எல்லாம் முப்பத்தாறு நாள் என்று திருத்திப் படித்துக்கொள். அதற்குப் பிறகு நீ கூப்பிட்டாயா?